நாற்பத்தேழாம் எண் மயில்

ஜூலை 9, புதன்கிழமை, காலை 7.10, மெல்லிய தூறல். திருத்தணி மலையடிவாரத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொள்பவர் என் செருப்பை வாங்கிக்கொண்டு ஒரு துணி டோக்கனைக் கொடுத்தார். அதில் 47 என்ற எண்ணும் ஒரு மயிலும் கையால் தைக்கப்பட்டிருந்தன. கிடா மீசைக்காரர், நூல் கோத்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்தார்.

படியேறி முடிப்பதற்குள் எண்ணிவிட்டேன்: மயிலில் 212 தையல்கள். கண் அறுவைக்குப் பின் எட்டு மாதமாக ஊசியைத் தொடப் பயப்படும் என் மனைவிக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இறங்கி வந்து விலை கேட்டேன்.

"விக்கறதில்லீங்க. சும்மா குஷிக்குத் தெச்சிகினு இருக்கேன்," என்றார்.

"வீட்டுல காட்டிட்டு நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்," என்றேன்.

"இப்டிச் சொல்லிட்டுப் போன ரெண்டு கிளி, ஒரு யானை இன்னும் வரல பெரியவரே. டோக்கன் வந்தாத்தான் செருப்பு."

டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஈரத் தெருவில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

212 தையல் என்று சொல்லி நீட்டினேன். மனைவி மயிலைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "கொண்டையில ஒரு தையல் விட்டுப்போயிருக்கு. நீங்க எண்ணின லட்சணம்! அந்த ஊசிய எடுங்க."

இப்போது தலையணை உறையில் அதே மயிலைத் தைக்கிறாள். முடியும்வரை டோக்கனைத் தரமாட்டாளாம். மீசைக்காரர் என்னையும் அந்த யானைக்காரரோடு சேர்த்திருப்பார். புதுச் செருப்பு முந்நூற்று நாற்பது ரூபாய்.