தம்பிக்குப் புரியச் சொல்ல ஓர் ஆள்

என் தம்பி குமாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆரணியில் பவர்லூம் ஓட்டுகிறான். 2007 வைகாசியில் அவனுக்கு எச்.ஐ.வி. என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலூரில் இந்த நோய்க்கான சிகிச்சை மையத்தில் மருந்து இலவசம். ஆனால் அங்கே சொல்வதை அவனுக்கு நான்தான் சைகையில் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு எந்தச் சைகை? வெட்கம் வேறு. புறங்கையைக் கழுத்தில் வைத்து, காய்ச்சல் என்று மட்டும் காட்டினேன். அந்தப் பாவத்தைச் செய்தவள் நான்தான்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டான். கெஞ்சினேன், அடித்தேன். துப்பினான். ஆடிக்குள் எலும்பும் தோலுமானான்.

"அவருக்கே புரியணும்மா. இல்லன்னா நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றார் டாக்டர்.

ஆடி வெள்ளியன்று சந்தவாசலில் பஸ் இறங்கி, படவேட்டு அம்மனிடம் நடந்தே போனேன். தாயே, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஓர் ஆளை அனுப்பு என்று அழுதேன்.

திங்கட்கிழமை மையத்து வரிசையில் நாங்கள் சைகையிலேயே சண்டை போட்டோம். பக்கத்தில் இருந்த ஓர் அக்கா எங்களையே பார்த்தார்.

"தம்பி பவர்லூமா? கையப் பாத்தாலே தெரியுதே. எங்க ஷெட்லயும் இப்டிதான் பேசிகினு இருப்போம்."

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காதாம், அங்கே எல்லாருக்கும் கைதான் பேச்சாம். அந்தக் கைப்பேச்சிலேயே அவனுக்குச் சொல்லலாம் என்று வீட்டில் கைத்தறி நெய்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அக்கா தன் பையிலிருந்து அதே மாத்திரை டப்பாவை எடுத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முன்பின் தெரியாத எங்களிடம், அத்தனை பேர் நடுவில். பிறகு இழை அறுவதைக் கையால் காட்டினார். ஒரு வேளை மாத்திரையை விட்டால் ஓர் இழை அறுந்த மாதிரி. அறுந்தபடியே ஓட்டினால் துணி பாழ். காய்ச்சல் இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டும், கடைசிவரை வேண்டும்.

தம்பி கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு, நான் செத்துவிடுவேனா என்று கேட்டான். இத்தனை நாள் அதை மனசில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்திருக்கிறான். அக்கா தன்னைத் தொட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்று வருஷமாக இந்த நோயோடு உயிரோடு இருக்கிறேன் என்று.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அம்மனிடம் கேட்டது வெள்ளிக்கிழமை, ஆள் வந்தது திங்கட்கிழமை. இன்றும் நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

ஒரு வேளை மாத்திரையும் விடாமல், தம்பி மறுபடி தறி ஓட்டுகிறான். மாதம் ஒரு நாள் மையத்தில் அவனும் அந்த அக்காவும் உட்கார்ந்து, செய்யாறு பக்கத்திலிருந்து வரும் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்கிறார்கள். நானும் அவனிடம் அந்தத் தறிக் கைப்பேச்சைக் கற்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு வந்த நோயை அவரிடமே சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் படவேட்டு அம்மனிடம் கேளுங்கள். அவள் ஆள் அனுப்புவாள்.