மூன்று பேருக்குக் கட்டாது

மில்லிக்கனில் என் மகள் வீட்டுக் கராஜில் கார் நின்று நான் கண்டதில்லை. கார் வெளியே பனியில் நிற்கும். காலையில் அதைச் சுரண்டி எடுப்போம். உள்ளே, குளிர் படாமல், ரொய்லற் பேப்பரும் சவர்க்காரத் தூளும் தக்காளி ரின்களும் கூரைவரை அடுக்கியிருக்கும். எல்லாம் மருமகன் மொத்தக்கடையில் வாங்கியவை. அந்தக் கடைக்குள் கால் வைப்பதற்கே வருடச் சந்தா கட்ட வேண்டும். வரியோடு எழுபத்துமூன்று டொலர் சொச்சம். காசு கொடுத்து உள்ளே போய், மேலும் காசு கொடுத்துவிட்டு வெளியே வருகிற கடை.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்காய்வாளனாக வேலை பார்த்தவன். அங்கே பங்குப் பணத்தை ஒருமுறை கட்டினால் சாகும்வரை அங்கத்தவர். நட்டம் வந்தால் கூட்டத்தில் எழுந்து திட்டலாம். இங்கே அங்கத்தவர் என்றால் வாசலில் அட்டையைக் காட்டுகிற ஆள், அவ்வளவுதான். ஒரு சந்தாவுக்கு இரண்டு அட்டைகள் தருவார்கள். இரண்டாவது அட்டை அதே விலாசத்தில் வசிக்கும் ஒருவருக்கு. அந்தக் கடையின் சனமும் வெளிச்சமும் தனக்குத் தலையிடி தருகின்றன என்று மகள் சொன்னதால் அது எனக்கு வந்தது. அதில் என் படம் கறுப்பு வெள்ளையில், பொலிஸ் பிடித்த ஆளைப்போல இருக்கும்.

வீட்டுக் கடனைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது வட்டி ஏறியிருந்தது. மாதத் தவணை ஏறியது. பேரப்பிள்ளைகள் இருவரும் படிப்பதற்கு வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். நாலு அறை வீட்டில் மூன்று பேர். மருமகன் யூனியன்வில்லில் இரண்டு அறைக் கொண்டோ அடுக்குமாடி வீடு ஒன்றின் படங்களைத் தன் தொலைபேசியில் மகளுக்குக் காட்டத் தொடங்கினார். நான் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பார். ஒரு அறை அவர்களுக்கு, மற்றது விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு. எண்ணத் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வீட்டை விற்றால் எனக்கு எங்கேயாவது ஒரு முதியோர் குடியிருப்பு.

அதைத் தடுக்க என்னிடம் ஒரு வழிதான் இருந்தது. இந்த வீட்டைக் குறைந்த செலவில் நடத்தலாம், நடத்த நான் உதவுவேன் என்று காட்டுவது. எங்கிருந்து தொடங்குவது என்று தேடவேண்டியிருக்கவில்லை. கராஜ் கதவைத் திறந்தால் போதும்.

அடுத்த சனிக்கிழமை மருமகனோடு நானும் கடைக்குப் போனேன். ஒரு கைக்குழந்தை பாரம் இருக்கும் மஸ்ரட் கடுகுப் பசைப் போத்தலைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"தம்பி, போன வருசத்து மஸ்ரட் இன்னும் உடைக்காமல் கிடக்கு."

"கிடக்கட்டும் மாமா. அது பழுதாகாது."

"திகதி போட்டிருக்கு. நான் பார்த்தனான்."

"உங்களுக்கும் எங்கையோ திகதி போட்டுத்தான் இருக்கும். நாங்கள் தேடிப் பார்க்கிறமோ?"

பக்கத்தில் ஊறுகாய்ப் போத்தல் பார்த்துக்கொண்டு நின்ற தமிழ்ப் பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

நானும் சும்மா இருக்கவில்லை. "கஞ்சிக்கு வரிசையிலை நிண்டு பழகின ஆக்களுக்குச் சாமானைக் கண்டால் கை நிக்காது எண்டு தெரியும்," என்றேன்.

அவர் பதினேழு வயதில் அகதி முகாமில் இருந்து, பிறகு மூன்று நாடுகள் சுற்றி, இங்கே தனியாக வந்து சேர்ந்தவர். அது எனக்குத் தெரியும். தெரியாமல் அப்படி ஒரு சொல்லைச் சொல்ல முடியாது. அவருடைய கை வண்டியின் பிடியில் அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் போய் இரண்டாவது மஸ்ரட் போத்தலையும் எடுத்து வந்து, முதல் போத்தலுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தார். வெளியே வரும்போது எனக்கும் ஒரு ஹொட்டோக் வாங்கித் தந்தார்.

"சாப்பிடுங்கோ. ஒண்டரை டொலர். இதையும் கணக்கிலை போடுங்கோ."

அந்தக் கடையைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஆறேழு பேர் இருக்கும் வீட்டுக்கு அது கட்டும், போட்ட காசு திரும்பும். பெற்றோல் லீற்றருக்குச் சில சதம் குறைவு, ஆனால் அதற்கு இருபது நிமிடம் எஞ்சினை ஓட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மூக்குக்கண்ணாடி மலிவு. ரயர் மலிவு, ஆனால் ஆண்டுதோறும் யார் ரயர் வாங்குகிறார்கள்? எங்கள் சனம் சிலர் ஒரு அட்டையில் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வாங்கி, கடையின் வாகனத் தரிப்பிடத்திலேயே வைத்துப் பிரித்துக்கொண்டு போவார்கள். அது புத்தி. பெரிய பொதியின் விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதில் எவ்வளவு தங்கள் வயிற்றுக்குள் போகிறது என்று பார்ப்பதில்லை. குப்பைப் பெட்டிக்குப் போன கீரையையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

இரண்டு மாதம் நான் குப்பையைக் கவனித்தேன். கீரைப் பெட்டியில் பாதி. பாண் துண்டுகளில் மூன்றில் ஒன்று. தயிர் வாளி ஒன்று முழுதாக. இதையெல்லாம் எப்போது சொல்வது என்று காத்திருந்தேன். சாட்சி இருக்கும்போது சொன்னால் மருமகனால் தட்டிக்கழிக்க முடியாது என்று நினைத்தேன். மருமகனின் தமையன் ஒரு ஞாயிறு ஏஜாக்ஸிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். எல்லோரும் இரண்டாம் முறை போட்டுக்கொண்ட பிறகு நான் தொடங்கினேன். எறிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சந்தாவையும் கூட்டினேன். பக்கத்து பிளாசாக் கடைகளில் தேவைக்கு வாங்கினால் எவ்வளவு குறையும் என்று சொன்னேன்.

"ஆனபடியால், மூண்டு பேருக்குக் கட்டாது," என்று முடித்தேன்.

தமையன் மேசையில் தட்டிச் சிரித்தார். "எட தம்பி, நீ வீட்டுக்குள்ளை ஒரு ஓடிற்றரை எல்லோ வைச்சிருக்கிறாய்! சாப்பாடும் குடுத்து!"

மருமகன் சிரிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"மாமா சொல்லுறது சரி," என்றார். "கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"மூண்டு பேருக்குக் கட்டாது எண்டன்."

"பெரிய பக்கற் மூண்டு பேருக்குக் கட்டாது. ஓம். அப்ப நாலு அறை வீடு மூண்டு பேருக்குக் கட்டுமோ?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. "வீடு வேறை, வெங்காயம் வேறை," என்றேன்.

"கணக்கு ஒண்டுதானே. உங்கடை கணக்குத்தான் மாமா. தவணையைத் தலைக்கணக்கிலை பிரிச்சுப் பாருங்கோ. அதோடை மூண்டு எண்டதும் பிழை. நீங்கள் சாப்பிடுறது அரைப் பங்கு. ரண்டரை எண்டு போடுங்கோ."

தமையன் மறுபடியும் சிரித்தார். அதுவரை மருமகனை நான் ஒருமையில் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"எல்லாத்தையும் வித்துப்போட்டு அந்தப் பெட்டிக்குள்ளை போய் இருந்தால் உனக்கு என்னடா மிச்சம்?"

"மிச்சமோ?" என்றார். "நீங்கள்தான் மாமா மிச்சம்."

சேமித்த காசும் மிச்சம், தின்று தீராமல் சாப்பாட்டுக் கோப்பையில் கிடப்பதும் மிச்சம். நான் முதலாவதைக் கேட்டேன். அவர் இரண்டாவதைச் சொன்னார். நான் மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். கோபத்தில் கடிக்கும் உதட்டுக்கும் சிரிப்பை அடக்கக் கடிக்கும் உதட்டுக்கும் வித்தியாசம் தெரியாத தகப்பன் இல்லை நான். அவள் சிரிப்பை அடக்கினாள். அடுக்களைக்குள் போன பிறகு அடக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது.

அடுத்த நாள் மருமகன் வேலைக்குப் போன பிறகு மகளிடம் சொன்னேன். "நான் சொன்னது கடைக் கார்ட்டைப் பற்றி, பிள்ளை. வீட்டைப் பற்றி இல்லை."

"தெரியும் அப்பா." அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "ஆனால் நீங்கள் சொன்னதுக்குப் பிறகுதான் எனக்கும் விளங்கினது. இவர் ஆறு மாதமாச் சொல்லுறார், நான்தான் மாட்டன் எண்டு நிண்டனான். அப்பாவை எங்கை விடுறது எண்டு. நீங்களே வடிவாக் கணக்குக் காட்டிப்போட்டியள். இனி நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நீ மாட்டன் எண்டு நிண்டனியோ?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களுக்கு யோசினை எண்டு விட்டனான்." அவள் என்னுடைய ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "பரவாயில்லை அப்பா. வோபர்ன் பக்கத்திலை நல்ல கட்டடம் ஒண்டு இருக்காம். எலிவேற்றர் எல்லாம் இருக்காம்."

"கடைக் கார்ட்டை நிப்பாட்டுறாரோ?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"சந்தாக் காசு கிறெடிற் கார்ட்டிலை தன்பாட்டிலை வெட்டுப்படும். போன மாதமே வெட்டியாச்சு."

ஆக, நான் மேசையில் பேசிய அன்றைக்கு அந்தச் சந்தா ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. மருமகனுக்கு அது தெரியும். முழுவதையும் சொல்லி முடிக்கவிட்டுத்தான் அவர் விரல்களைத் துடைத்திருக்கிறார்.

வீடு வசந்தத்தில் விலைபோனது. கராஜை ஒதுக்கியபோது மஸ்ரட் போத்தல்கள் மூன்றும் என் பெட்டிகளோடு வந்து சேர்ந்தன. நான் மஸ்ரட் சாப்பிடுவதில்லை.

வோபர்னில் என் அறை ஏழாம் மாடியில். ஒரு யன்னல். கீழே பஸ் தரிப்பிடம். வந்த புதிதில் ஒரு நாள் இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்குகிற எண்ணம் இல்லை. அட்டை என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். வாசல் இயந்திரத்தில் அதை வைத்ததும் ஒரு சத்தம் எழும்பியது. அங்கே நின்ற பெண் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"சொறி அங்கிள். இந்தக் கார்ட் அக்டிவ் இல்லை. அவை வேறை ஆளுக்கு மாத்தியிருக்கினம். சேம் அட்றெஸ் ஆக்களுக்குத்தான் குடுக்கலாம்."

"யாருக்கு மாத்தினவை?"

அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்லத் தயங்கினாள். நான் மகளின் பெயரைச் சொன்னேன். ஓம் என்று தலையாட்டினாள். தலையிடி தீர்ந்துவிட்டது போலும்.

இப்போது ஒன்று விட்டு ஒரு ஞாயிறு மருமகன் வருவார். கையில் கடைப் பை இருக்கும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார்.

"மாமா, மிச்சம் கொண்டந்தனான்."

அந்தச் சொல்லை வேண்டுமென்று சொல்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்க்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய பொதிகளை அங்கேயே பிரித்து எனக்குரியதைத் தனியாகக் கட்டிக்கொண்டு வருகிறார். ஒரு சந்தாவில் இரண்டு வீடுகள். கீரை அழுகுவதில்லை, பாண் பூஞ்சணம் பிடிப்பதில்லை. என்னைக் கேட்டால் இப்போது அந்த அட்டை கட்டும்.

போன முறை முட்டை கொண்டுவந்தார். அங்கே முப்பது முட்டை ஒரு தட்டாகத்தான் விற்பார்கள். தட்டைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்.

"கணக்குச் சரியோ எண்டு பாருங்கோ," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன். ஆறு. முப்பதை இரண்டரையால் பிரித்தால் ஒரு தலைக்குப் பன்னிரண்டு. அரைத் தலைக்கு ஆறு. இன்னொரு முறையும் எண்ணினேன். பிழை இல்லை.