உட்கார்ந்து கேட்ட வலி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்பவன் நான். என் மனைவிக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்த விவரத்தை மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

அங்கே மயக்க மருந்துப் பிரிவைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே வயிற்றுச் சுவரில் மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்றைப் போட்டால், விழித்த பிறகு வலி குறைகிறதா என்பதே அவர் அறிய விரும்பியது. சிலருக்கு அந்த ஊசி. சிலருக்கு வழக்கமான மருந்து மட்டும். யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். வலியைக் கேட்க வரும் அவருக்கே அது தெரியாது. நோயாளி சொல்லும் எண்தான் அவருக்குச் சாட்சி. வலியே இல்லையென்றால் சுழி, தாங்கவே முடியாதென்றால் பத்து.

"எதுவா இருந்தாலும் நெசத்த சொல்லணும்மா. வலிச்சா உடனே மருந்து தருவோம்" என்றார். என் மனைவியும் சம்மதித்தாள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாலையில் மருத்துவர் கட்டிலருகே வந்து நின்றார்.

"வலி எவ்ளோம்மா?"

"ஒன்னுமில்லீங்க. நல்லா கீறேன்."

அவர் முகம் மலர்ந்து சுழியை எழுதிக்கொண்டு போனார். அவர் திரும்பிய உடனே என் மனைவி போர்வை முனையைக் கடித்தாள், நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாடி இது? இப்பத்தான நல்லா கீறேன்னு சொன்ன?"

"உசிரு போவுது. அதுக்குன்னு, நின்னுக்கினு கேக்கறவங்ககிட்டயா நோவ சொல்லுவாங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் குடும்பங்களில், வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும் முன் நோயையோ துக்கத்தையோ வாயில் எடுப்பதில்லை. நடந்து வந்த களைப்பின்மேல் நம் பாரத்தையும் ஏற்றலாகாது என்பது எண்ணம்.

பக்கத்துக் கட்டிலில் கருணாபுரத்து அம்மா ஒருவர் குடலிறக்கச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். "நல்லா கீது உங்க மரியாத! இப்பிடியே வுட்டா நீ கதறிக்கினு கெடப்ப, டாக்டரம்மா ஆராய்ச்சியும் ஊத்திக்கும்" என்றார்.

நான் விரைந்து சென்று மருத்துவரை அழைத்துவந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டேன். அவர் வியப்போடு உட்கார்ந்தார். என் மனைவி தன் டம்ளரை நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்கம்மா."

"ஐயையோ! அது உங்களுக்கு அளந்து வெச்ச தண்ணிம்மா. நான் குடிச்சா நீங்க எவ்ளோ குடிச்சீங்கன்ற கணக்கும் போச்சு!"

காரணத்தை நான் சொன்னதும், தம் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். "குடிச்சிட்டேன். இப்ப சொல்லுங்க."

"எட்டும்மா."

உடனே மருந்து ஏறியது. பழைய சுழியை அவர் அழிக்கவில்லை. அதன் கீழே புது எண்ணையும், நடந்த காரணத்தையும் எழுதினார். "நடந்தத நடந்தபடியே எழுதணுங்க ஐயா. இதுக்கு முன்னாடி எத்தன பேரு எனக்குச் சுழி சொல்லிட்டுப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தாங்களோ!" என்றபோது அவர் குரல் தாழ்ந்தது.

சற்று நேரத்தில் என் மனைவியின் புருவம் தளர்ந்தது. மீண்டும் வந்த மருத்துவர் தாமாகவே ஸ்டூலில் அமர்ந்து, தண்ணீர் குடித்துக் காட்டிவிட்டுக் கேட்டார்.

"மூணும்மா."

"நேத்து நான் பத்து பத்துன்னு கத்தனேன். எனக்கு எவ ஸ்டூலு போட்டா?" என்றார் கருணாபுரத்து அம்மா.

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, சிரிச்சா அஞ்சும்மா!"

மருத்துவரும் சிரித்தபடி இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு ஸ்டூலைத் தாமே தூக்கிச் சென்றார். என் மனைவி கண்மூடி நிம்மதியாக உறங்கினாள்.

இனி வலியைக் கேட்க வருபவர்களுக்கு உதவும் என்பதால், இந்த விவரத்தைத் தங்களிடம் பத்திரமாக வைத்திருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.