ஒரு வாய்ப் பால்

என் தலைச்சன் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. பிள்ளை போயும் பால் நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். "பூ வெச்சா வத்திடும்டி, அழாத" என்றாள். எங்கே வற்றியது? ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. பிள்ளை செத்துவிட்டதென்று இந்த உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

அப்போது நாங்கள் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புத் தொட்டிகளில் வேலை. நான் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டையை இடிப்பேன். எங்கள் தெரு முழுக்க வேதக்காரத் தெரு. மாமனாரின் அப்பா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்.

பிள்ளையைக் கிடத்திய பெட்டியை மூடும் முன் நான் ஒன்று செய்தேன். பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு இருந்தது, மூக்கு வைத்த சின்னப் பித்தளைக் கிண்ணம். அதில் என் பாலைப் பீய்ச்சி, தலைமாட்டில் சாயாமல் வைத்தேன். ஜெபம் நடத்த வந்திருந்த உபதேசியார் அதைப் பார்த்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார், சத்தம் போடவில்லை. பாலை மண்ணில் கவிழ்த்துவிட்டு, வெறும் சங்கை என் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் அஞ்ஞானம்மா. கொழந்த ஆண்டவர் மடியில இருக்குது. அங்க பசி இல்ல."

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன், அத்தனை பேர் முன்னால். என் வீட்டுக்காரர் என் வாயைப் பொத்தினார். நான் அப்போதும் வாய்க்காரிதான், இப்போதும் வாய்க்காரிதான்.

அதற்குப் பிறகு நான் ஜெபக்கூடத்துப் படியை மிதிக்கவில்லை. சங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன். சோற்றில் கை வைத்தால் அந்த நினைப்பு வந்துவிடும். என் பிள்ளை பசியோடு இருக்கிறதா? வேறு எதுவும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பரலோகம் எப்படி இருந்தால் எனக்கென்ன, அங்கே அதற்கு யார் ஊட்டுகிறார்கள் என்று ஒருவராவது சொல்லக்கூடாதா? கேட்டால், விசுவாசம் கம்மி என்றார்கள்.

அடுத்த கோடையில் ஷாப்பின் பின்பக்கம் புதிதாகத் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். நான் பட்டை இடித்துக்கொண்டிருந்தபோது, முழங்கால் வரை மண்ணோடு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"வா."

"இன்னா?"

"நீ வந்து பாரு. என் வாயால சொல்ல முடியல."

குழியில் ஒரு பலகைக் கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். அதன் அடியில் ஒரு சிவப்புப் பானை. உள்ளே என் சுண்டுவிரலைவிட மெல்லிய எலும்புகள், அரிசி போல இரண்டு பால் பற்கள். தலைமாட்டில் ஒரு மண் கிண்ணம். அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் விரலால் அமுக்கி மூக்கு எடுத்திருந்தது. ஐயோ, என் சங்கேதான்!

ஆட்கள் பயந்து தள்ளி நின்றார்கள். யாரோ உபதேசியாரைக் கூட்டிவர ஓடினான். மேஸ்திரி மட்டும், "தூக்கி ஆத்துல போட்டுட்டு வேலையப் பாருங்கடா" என்றார். நான் குழிக்குள் இறங்கிப் பானை ஓரம் உட்கார்ந்துகொண்டேன். "எவனாவது தொட்டுப் பாருங்க!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு முதலாளி சாயபு வந்தார், எட்டிப் பார்த்தார். "யாரோடதா இருந்தாலும் மய்யத்து மய்யத்துதான். தொட்டிய அந்தாண்ட வெட்டிக்கோங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு அந்தக் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படிப் பானையில் பிள்ளையைப் புதைத்தவள் எந்தக் காலத்துக்காரியோ! எங்கள் ஜெபக்கூடம், சாயபுவின் மசூதி, மலையடிவாரக் கோயில் எதுவும் இல்லாத காலம். அவளுக்கு வேதம் சொல்ல யாரும் வந்திருக்க மாட்டார்கள். பிள்ளை செத்தும் பால் நிற்கவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை எங்கேயோ இருக்கிறது, அதற்குப் பசிக்கும் என்று நினைத்திருக்கிறாள். சாமி, மேலுலகம் எல்லாமே இப்படி ஒருத்தியின் நனைந்த மாரிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்று அந்தக் குழிக்குள் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

உபதேசியார் அக்குளில் வேதப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"வாங்க ஐயா. என் புள்ளைது எடுத்தீங்களே, இதையும் எடுங்க. அங்க பசி இல்லன்னு இந்தம்மாவுக்கும் சொல்லுங்க" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். புத்தகத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு குழியில் இறங்கி என் பக்கத்தில் மண்டியிட்டார். கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். அந்த மூக்கை ஒரு விரலால் தொட்டார், உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. அங்க பசி இருக்குதா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு நீ அழுததப் பாக்க முடியாம சொல்லிட்டேன்."

ஒரு வருஷமாக அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அவரும் நானும் சேர்ந்து அழுதோம்.

"அந்தச் சங்கு எங்கம்மா?" என்று கேட்டார். முந்தானையை அவிழ்த்துக் காட்டினேன்.

"வா, உன் கொழந்தகிட்டயே வெச்சிட்டு வரலாம். நானே மண்ணத் தோண்டித் தர்றேன்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். தூங்குகிற பிள்ளையை எதற்குக் கிளற வேண்டும்? ஊட்டத் தெரிந்தவள் ஒருத்தி எனக்கு முன்னாலேயே அங்கே போயிருக்கிறாளே. சங்கை அந்த மண் கிண்ணத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். அதில் பால் இல்லை. எனக்கு எப்போதோ வற்றிவிட்டது.

"யக்கா, உன் புள்ளைக்கு ஊட்டும்போது பக்கத்துல என்னுதும் இருக்கும். அதுக்கும் ஒரு வாய் குடு" என்றேன்.

பக்கத்தில் உபதேசியார் "ஆமென்" என்றார்.