கியர் போடுகிற தோள்

சனிக்கிழமை மத்தியானம் மினிபஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான் சாம்சுந்தர். மேலே டிரைவர் சீட்டில் அவன் அப்பா ஞானஒளிவு. மகன் சொல்லச் சொல்ல அவர் கியரை மாற்ற வேண்டும்.

"ரெண்டாவதுல போடுங்க."

"போட்டாச்சு."

"போடலை. இங்கன ராடு அசையவே இல்லை."

"அப்போ நீ மேல வந்து போடு, நான் கீழ படுக்கேன். டிப்ளமா படிச்சவனுக்கு டிரைவர் எதுக்குலே?"

கியர் லிவரைத் தாங்கும் தேய்ந்த புஷ்களை மாற்றி முடித்தபோது லிவர் ஒற்றை விரலுக்கு நகர்ந்தது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

"இனி தோள் வலிக்காது," என்றான். அவர் கைதுடைத்த துணியை அவன்மேல் எறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

சங்கரன்கோவிலுக்கும் கரிவலம்வந்தநல்லூருக்கும் நடுவே இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவர். எட்டு மாதமாக இடது தோளும் கழுத்தும் வலி. கியர் போடுகிற கை இடது கைதான் என்பதால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை விழுங்கினார். தைலம் தேய்த்தார். தலையணை வைக்காமல் படுத்தார். கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு போனால் கண்டக்டர் உச்சிமாகாளி, "என்ன அண்ணாச்சி, முனிசிபாலிட்டி நாய்வண்டியில பிடிச்சு ஊசி போட்டுப் பட்டை கட்டிவிட்டாங்களோ?" என்றான். மறுநாளே பட்டை பரணுக்குப் போனது.

கியர் சரியான மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வண்டியைத் தொடவில்லை. சர்ச்சுக்கு நடந்துபோகும்போதே தோள் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அடங்கியது.

"உன் ரிப்பேர் லட்சணம்," என்றார் வீட்டுக்கு வந்து.

"வண்டி சரியாத்தான் இருக்கு. ஒங்களுக்குக் குறை சொல்லணும், அவ்வளவுதான்."

பாரத்தை இறக்கிய பிறகும் சத்தம் வந்தால் கோளாறு வேறிடத்தில் என்று பட்டறையில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன். அப்பா விஷயத்தில் அது தோன்றவில்லை.

திங்கட்கிழமை பிசியோதெரபிக்குப் போனார். அங்கே எஸ்லின் என்ற பெண் கழுத்தைத் திருப்பியும் கையை எல்லாப் பக்கமும் தூக்கியும் பார்த்தாள். எதிலும் வலி எழவில்லை. படியேறினால் வருகிறதா, உட்கார்ந்தால் போகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். தோளுக்கு ஒத்தடம் எதுவும் வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"தோளு வலிக்குன்னு போனா நெஞ்சுல வயர் மாட்டணுமாம்லே," என்றார் அன்று சாயங்காலம்.

"அவளுக்கு அதுல கமிஷன் இருக்கும்ப்பா," என்றான் சாம்சுந்தர்.

இருவரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை காலை தண்ணீர்க் கேனை மாடிக்குத் தூக்கிப் போனவர் பாதிப் படியில் உட்கார்ந்தார். எழவில்லை. இதயத்தில் அடைப்பு, எட்டு மாத வலியும் அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

"கியர் இழுத்து இழுத்தே போயிட்டாரு மனுசன்," என்றான் துக்கத்துக்கு வந்த உச்சிமாகாளி.

"வாயை மூடும் வே," என்றான் சாம்சுந்தர்.

எஸ்லினும் வந்தாள். அவன் நாற்காலி எடுத்துப் போடவில்லை.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?"

"ஒங்க நம்பர் கேட்டேண்ணே. தர மாட்டேன்னுட்டாங்க. எம்மவன் கோளாறு பாக்கிறதுக்குன்னே படிச்சவன், அவன்ட்ட கேட்டுட்டுப் போறேன்னாங்க."

அவள் போன பிறகு அப்பாவின் டிரைவர் சட்டைப் பையைத் துழாவினான். சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. 'இன்றே' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்.

அவர் ஓட்டிய கரிவலம் மினிபஸ் அவள் எழுதியிருந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் ஏற்றித்தான் போகும். செவ்வாயும் புதனும் ஒவ்வொரு நடைக்கும் அங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஈ.சி.ஜி. எடுக்க இறங்கவில்லை.