அழிக்காமல் விட்ட குரல்

என் மனைவி மாமல்லபுரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தாள். பாடத்தை மாணவர்களே பேசிப் பதிவுசெய்து பாட்காஸ்ட் ஆக்கும் முறையை அங்கே கொண்டுவந்தவள் அவள்தான். கடைசிவரை அதை எதிர்த்தவர் தலைமையாசிரியர். அவள் மறைந்த மறு வருடம், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில், அது அவருடைய திட்டம் என்றே அச்சாகியிருந்தது.

விழாவுக்கு நான் ஆயத்தமாகவே சென்றேன். செங்கல்பட்டிலிருந்து வந்த கல்வி அதிகாரிகள் முன்னிலையில், மாணவர் பதிவு ஒன்றை ஒலிக்கச்செய்யத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். மகிழ்ச்சியோடு ஒலிபெருக்கியில் இணைக்கச் சொன்னார்.

பதிவில், அலைகளைப் பற்றி ஒரு சிறுமி பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் குறுக்கிட்டது.

"இன்னா டீச்சர், இது கிளாஸா, ரேடியோ ஸ்டேஷனா? இந்த மீன்காரப் பசங்க பேச்ச எவன் கேக்கப் போறான்?"

மீனவப் பெற்றோர் திரும்பி அவரைப் பார்த்தனர். அவர் முகம் வெளுத்தது. அதை நான் அவசரமின்றிப் பார்த்தேன்.

வீட்டில் கேட்கும்போது எப்போதும் பதிவை அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அடுத்து வரும் அவள் குரலைத் தாங்கும் திடம் எனக்கில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்த மும்முரத்தில் நிறுத்த மறந்தேன்.

"மிஸ், சார் திட்டுனத கட் பண்ணிடட்டா?" என்றாள் சிறுமி.

"வேணாம்டீ, இருக்கட்டும்," என் மனைவி சிரித்தாள். "ஒரு நாளு மைக்குல போட்டு அவருக்கே காட்டலாம்."

அரங்கே சிரித்தது. பழிவாங்கும் எண்ணம் என்னுடையது மட்டுமே என்று ஓராண்டாக நினைத்திருந்தேன். அவள் எனக்கு முன்பே, சிரித்துக்கொண்டே, அதற்கு வழிசெய்து வைத்திருந்தாள்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பதிவை மட்டும் இப்போது நிறுத்தாமல் கேட்கிறேன்.