வெள்ளரிக்குப் போட்ட சாக்ஸ்

எனக்கு அப்போது மசக்கை. சோற்றைக் கண்டாலே குமட்டும். நாக்கு கேட்டதெல்லாம் எங்கள் திண்டுக்கல் பக்கத்து வெள்ளரிக்காய் ஒன்றைத்தான்: குட்டையாக, வெளிறிய பச்சையில், கடித்தால் தண்ணீர் சொட்டும். ஆவடிச் சந்தையில் கிடைத்தது கரும்பச்சையில் நீளமாக இருந்தது. இரண்டு துண்டு தின்றேன், அதுவும் வயிற்றில் தங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸின் பின்புறம் வேலியோரமாக இரண்டு பாத்தி போட்டார். ஒன்றில் பூந்தமல்லி விதைக்கடையின் நீள ரகம், மற்றதில் என் அப்பா தபாலில் அனுப்பிய ஊர் விதை. ஒன்று ஏமாற்றினாலும் மற்றது கைகொடுக்குமாம். கடை விதை காடாய்ப் படர்ந்தது. ஊர்க்கொடியை மட்டும் சிவப்பு வண்டு தேடிவந்து இலையைச் சல்லடையாக்கியது. விடியற்காலை ஈரத்தில் சாம்பல் தூவி அதை விரட்டினார். அடுத்து பழ ஈ. அது பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டையிட்டுவிடும். பிஞ்சு மஞ்சளித்துக் கோணிக்கொண்டு உதிரும். மருந்தடிக்கச் சொல்லாதவர் குவார்ட்டர்ஸில் இல்லை. மாசமாக இருப்பவள் தின்கிற காய்க்கு விஷமா என்று இவர் ஒரே பிடியாக நின்றார்.

ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மிஞ்சிய பிஞ்சுகள் எல்லாம் இவருடைய காக்கி சாக்ஸைப் போட்டுக்கொண்டு தொங்குகின்றன. காம்பில் நூல்கட்டு வேறு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, வெள்ளரிக்கா டூட்டிக்குக் கெளம்பிகினு கீதா?"

இவர் சிரிக்கவில்லை. வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் குதிகால் முழுக்கக் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவும்போது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படியொரு பைத்தியத்துக்கா கழுத்தை நீட்டினேன் என்று திட்டினேன். அந்தப் பைத்தியத்தை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சித்திரை வெயிலில் மற்ற பிஞ்சுகள் வாடி உதிர, ஒரே ஒரு காய் தேறியது. சாக்ஸை உருவிவிட்டு, காயைக் கழுவி நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வாயில் போட்டேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. வெயிலில் காய்ந்த கொடி அப்படித்தான் காய்க்கும். முகம் சுளிக்காமல் தின்றேன். அதிசயமாக அது வயிற்றில் தங்கியது. கடைசித் துண்டை இவர் எடுத்துக் கடித்துவிட்டார்.

"கசக்குதே. ஏன் சொல்லல?"

"சொன்னா, வெயில் படக் கூடாதுன்னு போட்டிருக்கற சட்டையையும் கழட்டிக் கொடிக்குக் குடுத்துருவீங்க."

மறுநாள் எழுந்து போய்ப் பார்த்தேன். கொடிக்கு மேலே பந்தலாக இவருடைய வேட்டி கட்டியிருந்தது.